செராம்பூர் வீட்டின் பிள்ளைகள்: வில்லியம் கேரி என்ற தகப்பனைப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1800 ஜனவரி 10ஆம் தேதி ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி தன் குடும்பத்தோடு செராம்பூருக்கு வந்து சேர்ந்தார். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊர் அப்போது டேனியர் ஆட்சியில் இருந்தது. கேரிக்கு வயது 38. மனைவி டாரத்தியும் நான்கு மகன்களும் உடன் வந்தார்கள். மூத்தவன் பீலிக்ஸுக்குப் பதினான்கு வயது. கடைக்குட்டி ஜோனத்தனுக்கு நான்கு. சில மாதங்களுக்கு முன்தான் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கியிருந்த புதிய மிஷனரிகள் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். கேரியின் கடிதங்களைப் படித்துப் பரவசப்பட்டுக் கப்பல் ஏறியவர்கள் அவர்கள். அந்தக் கடிதங்களை எழுதிய மனிதரின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இப்போதுதான் நேரில் பார்த்தார்கள்.

டாரத்தி கடுமையான மனநோயில் இருந்தார். பையன்கள் யார் சொல்லுக்கும் அடங்காதவர்களாக வளர்ந்திருந்தார்கள். மிஷனரிகளில் ஒருவரான ஹன்னா மார்ஷ்மன் இதைக் கண்டு கலங்கினார். தகப்பன் இந்தக் குறையைப் பார்க்கிறார், வருந்தவும் செய்கிறார், ஆனால் திருத்துவதற்கு வேண்டிய கண்டிப்பு அந்த மென்மையான மனிதரிடம் இல்லை என்பது அவருடைய கணிப்பு.

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் கேரியின் பெயரை அறியாதவர்கள் குறைவு. செருப்புத் தைத்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் கற்றவர், கையால் வரைந்த உலகப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்து ஜெபித்தவர், வங்காளத்தில் வேதாகமத்தை அச்சிட்டவர் என்று ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்போம். டாரத்தி அந்தக் கதையில் ஒரு வரியில் வந்து போவார், பெரும்பாலும் ஊழியத்துக்கு இடையூறாக. பிள்ளைகள் வரவே மாட்டார்கள். விசுவாசம், வீடு, வேலை என்ற மூன்றுக்கும் நடுவில் நிற்கும் கிறிஸ்தவத் தகப்பன்மார்களுக்குக் கேரியை முன்மாதிரியாகக் காட்டுகிறோம் என்றால், அவர் வீட்டின் கதையையும் முழுவதுமாகச் சொல்ல வேண்டும். அவரைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. அவரை நேசிப்பதால்தான் எழுதுகிறேன்.

பிடிங்டனில் எடுக்கப்பட்ட முடிவு

கேரி 1761இல் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் பகுதியில் பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் பிறந்தார். 1781 ஜூன் 10 அன்று பிடிங்டன் ஊர்க் கோயிலில் டாரத்தி பிளாக்கெட்டை மணந்தார். மாப்பிள்ளைக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பெண் ஐந்தாறு வயது மூத்தவர். எழுதத் தெரியாததால் திருமணப் பதிவேட்டில் டாரத்தி சிலுவைக் குறி இட்டார். முதல் மகள் ஆன் இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்தாள். பின்னர் லூசி என்ற மகளும் இறந்தாள். வறுமை எப்போதும் உடனிருந்தது. மோல்டன் என்ற கிராமத்தில் கேரி பாப்திஸ்து போதகராக இருந்துகொண்டே பள்ளிக்கூடம் நடத்தினார், செருப்பும் தைத்தார். மூன்றிலிருந்தும் வந்தது போதவில்லை.

1792 அக்டோபர் 2 அன்று கெட்டரிங் நகரில் ஒரு வீட்டில் சிலர் கூடி மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று வாக்களிக்கப்பட்ட காணிக்கை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அடுத்த ஜனவரியில், வங்காளத்தில் ஏற்கெனவே இருந்துவந்த ஜான் தாமஸ் என்ற மருத்துவரோடு தானும் போகிறேன் என்று கேரி முன்வந்தார். அதன் பிறகே வீட்டில் சொன்னார்.

இந்த நிகழ்வில் எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த வரிசைதான். முதலில் சங்கத்திடம் சம்மதம், பிறகு மனைவியிடம் செய்தி. டாரத்தி அப்போது கர்ப்பிணி. கையில் மூன்று சிறுவர்கள். பிறந்த ஊரைச் சுற்றிச் சில மைல் தூரத்திலேயே வாழ்ந்தவர். பிரான்சோடு போர் மூண்டிருந்ததால் கடற்பயணமே ஆபத்தாக இருந்தது. அவர் வர மறுத்தார். அந்த மறுப்பில் விசுவாசக் குறைவு எங்கே இருக்கிறது? இரண்டு பெண் குழந்தைகளைப் புதைத்த ஒரு தாய், வயிற்றில் இருக்கும் குழந்தையையும் மடியில் இருக்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பேசினாள். அவ்வளவே.

கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். கப்பல் வைட் தீவருகே வாரக்கணக்கில் நின்றது. அங்கிருந்து அவர் டாரத்திக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இந்த உலகமே தன்னுடையதாக இருந்தாலும் அதைக் கொடுத்து மனைவி மக்களைத் தன்னோடு வைத்துக்கொள்வேன், ஆனால் கடமையின் அழுத்தம் மற்ற எல்லாவற்றையும் மீறி நிற்கிறது, திரும்பினால் ஆத்துமாவில் குற்றம் சுமப்பேன் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். அந்த வரிகளில் பாசாங்கு இல்லை. மனைவியை நேசித்தார், அழைப்பையும் நம்பினார், இரண்டும் மோதும்போது எது வெல்லும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இந்தியாவுக்குச் செல்லக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமம் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். பலர் இதைத் தடையாகப் பார்த்தாலும், குடும்பத்துக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பாகவே எனக்குத் தெரிகிறது. டேனியக் கப்பல் ஒன்று விரைவில் கிளம்பப்போகிறது என்று கேள்விப்பட்டு கேரியும் தாமஸும் பிடிங்டனுக்கு விரைந்தார்கள். டாரத்திக்குக் குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கணவர் கேட்டபோது மறுபடியும் மறுத்தார். வெளியே வந்த பிறகு தாமஸ் மட்டும் திரும்பி உள்ளே போனார். இப்போது வராவிட்டால் வாழ்நாள் முழுவதும் இதற்காக வருந்துவாய் என்று சொன்னார். தங்கை கிட்டி உடன் வந்தால் வருகிறேன் என்று டாரத்தி ஒப்புக்கொண்டார். வீட்டுச் சாமான்களை விற்று மூட்டை கட்ட அவர்களுக்கு ஒரு முழு நாள்கூடக் கிடைக்கவில்லை. 1793 ஜூன் 13 அன்று கப்பல் புறப்பட்டது.

பயமுறுத்தி வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. கேரியைப் பாராட்டும் பல வரலாறுகள் இந்த இடத்தைத் தெய்வச் செயலாக எழுதிவிட்டுக் கடந்துபோகின்றன. எல்லாவற்றையும் நன்மைக்கேதுவாக நடத்த தேவனால் முடியும்; ஆனால் அதைச் சொல்லி மனிதர் செய்த நெருக்கடியை நாம் நியாயப்படுத்திவிடக் கூடாது.

அவுரித் தொழிற்சாலை வீடு

நவம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். கையில் இருந்த பணம் தாமஸின் பொறுப்பில் இருந்தது, விரைவில் கரைந்துபோனது. அடுத்த சில மாதங்களில் குடும்பம் வீடு விட்டு வீடு மாறியது: பாண்டெல், கல்கத்தாவின் புறப்பகுதியான மாணிக்தலா, பிறகு சுந்தரவனக் காடுகளின் ஓரம். டாரத்திக்கும் பீலிக்ஸுக்கும் சீதபேதி. சாப்பிட ரொட்டிகூட இல்லை என்று டாரத்தியும் கிட்டியும் முறையிட்டதை 1794 ஜனவரி நாட்குறிப்பில் கேரியே எழுதியிருக்கிறார். தன் ஊழியத்தின் அருமை இவர்களுக்குப் புரியவில்லையே என்ற வேதனையும் அதே பக்கங்களில் இருக்கிறது. நோயுற்ற மனைவி ரொட்டி கேட்பதை ஊழியத்துக்கு எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளும் அந்த மனநிலையை இன்றும் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

தங்கை கிட்டி சுந்தரவனத்தில் உப்புத் துறையில் வேலைபார்த்த ஆங்கிலேயர் ஒருவரை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். டாரத்தி எந்த நிபந்தனையில் கப்பல் ஏறினாரோ அது ஓராண்டுக்குள் கைவிட்டுப் போனது.

1794 நடுவில் கேரிக்கு நல்ல வேலை கிடைத்தது. மால்டா பகுதியில் ஜார்ஜ் உட்னி என்பவருக்குச் சொந்தமான அவுரித் தொழிற்சாலை முத்னாபதியில் இருந்தது. அதன் மேற்பார்வையாளர் பதவி. மாதச் சம்பளம் 200 ரூபாய், மேலே தரகுத் தொகை. வீடும் உண்டு. தனக்கு இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சங்கத்துக்கே எழுதிவிட்டார். தன் கையால் உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் தகப்பனாக அவர் நிமிர்ந்து நின்ற நேரம் அது. அந்த வேலை தந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அந்த அக்டோபரில் ஐந்து வயது பீட்டர் காய்ச்சலில் இறந்தான். பிணப்பெட்டி செய்யவும் குழி தோண்டவும் ஆள் கிடைக்கவில்லை. சாதி போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொருவராக விலகினார்கள். தகப்பனும் நோயில் படுத்திருந்தார். கடைசியில் சிலர் முன்வந்து குழி தோண்டினார்கள். பேசுவதற்குத் தன் மொழி அறிந்த பெண் ஒருத்திகூட அருகில் இல்லாத அந்த வீட்டில், மூன்றாவது பிள்ளையை இழந்த டாரத்தி எப்படி இருந்திருப்பார் என்பதை எழுதிவைக்க அவருக்கு எழுத்தும் வசப்படவில்லை. கேரியின் பக்கத்துக்கு நாட்குறிப்புகளும் கடிதங்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. டாரத்தியின் பக்கம் வெற்றாக இருக்கிறது.

1795இல் நோய் வெளிப்படத் தொடங்கியது. கணவர் வேறு பெண்களிடம் போகிறார் என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. தெருவில் பின்தொடர்ந்து வந்து பிள்ளைகள் எதிரிலேயே கத்தினார். கேரியின் உயிருக்கே ஆபத்து என்று தாமஸ் இங்கிலாந்துக்கு எழுதும் நிலை வந்தது. வேறு வழியின்றி டாரத்தியை அறையில் அடைத்துவைத்தார்கள். இந்த நிலையில்தான் 1796 ஜனவரியில் ஜோனத்தன் பிறந்தான். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நோய்க்குப் பெயர் சூட்டுவது என் வேலை இல்லை. திரும்பத் திரும்ப வந்த சீதபேதி, பிள்ளைச் சாவு, தங்கையின் பிரிவு, தான் கேட்டு வராத நாடு என்று சுமைகள் அடுக்கடுக்காக விழுந்ததை மட்டும் சொல்லலாம்.

கேரி அவரைக் கைவிடவில்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பவோ எங்காவது விடுதியில் ஒப்படைக்கவோ இல்லை. 1807 டிசம்பர் 8 அன்று டாரத்தி இறக்கும் வரை, பன்னிரண்டு ஆண்டுகள், ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார். சில அறைகள் தள்ளி மனைவி கதறிக்கொண்டிருக்க, தன் மேசையில் குனிந்து வேதாகமத்தை மொழிபெயர்த்தார். அதைப் பொறுமையின் உச்சம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. கல்நெஞ்சம் என்று கடிந்தவர்களும் உண்டு. வீட்டில் தன்னால் சரிசெய்ய முடியாத ஒன்று நடக்கும்போது, தன்னால் செய்யக்கூடிய வேலைக்குள் ஓர் ஆண் ஒளிந்துகொள்வதை நான் இதில் பார்க்கிறேன். வேலை புனிதமானதாக இருந்துவிட்டால் ஒளிவிடம் இன்னும் பத்திரமாகிவிடுகிறது. வெளியே வா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இந்த ஆண்டுகளில் பிள்ளைகளை வளர்த்தது யார் என்று கேட்டால் நேரடிப் பதில் இல்லை. பகலில் தொழிற்சாலை, கிராமங்களில் பிரசங்கம், மாலையில் மொழிபெயர்ப்பு என்று தகப்பனின் நாள் போனது. பிள்ளைகள் வேலைக்காரர்களோடும் ஊர்ச் சிறுவர்களோடும் ஓடியாடி வங்காள மொழியைத் தாய்மொழி போலப் பேசக் கற்றார்கள். ஹன்னா 1800இல் பார்த்த அடங்காத சிறுவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

ஹன்னாவும் வார்டும்

செராம்பூரில் மிஷனரிகள் ஒரே வளாகத்தில் கூட்டுக் குடும்பமாக வாழத் தீர்மானித்தார்கள். பொதுப் பந்தி, பொதுப் பணப்பெட்டி, மாதம் ஒருவர் முறைவைத்து வீட்டு நிர்வாகம். சனிக்கிழமை மாலைகளில் எல்லாரும் கூடி ஒருவர்மீது ஒருவருக்குள்ள மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஊழியத்தின் வேகத்துக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, தற்செயலாகக் கேரியின் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

ஹன்னா மார்ஷ்மன் தன் கணவர் ஜோஷுவாவோடு அந்த ஆண்டே உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். செலவுக்குப் பணம் ஈட்டித் தந்ததும் பெரும்பாலும் அந்தப் பள்ளிதான். தன் பிள்ளைகளோடு கேரியின் சிறுவர்களையும் அவர் கவனித்துக்கொண்டார். அச்சுக்கூடப் பொறுப்பேற்க வந்திருந்த வில்லியம் வார்டுக்கு அப்போது முப்பது வயது. பீலிக்ஸையும் தம்பி வில்லியமையும் அவர் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். பீலிக்ஸை அச்சுக்கூடத்துக்கு அழைத்துப்போய் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். வேலையின் நடுவே பேசினார், கேட்டார், கண்டித்தார், ஜெபித்தார். முரட்டுப் பிள்ளை என்று பேர் எடுத்தவன் சில மாதங்களில் மாறினான். வார்டு செய்தது பெரிய வித்தை இல்லை. ஒரு வளரும் பையனுக்கு நாள்தோறும் நேரம் கொடுத்தார். அந்த நேரம்தான் தகப்பனிடம் இருக்கவில்லை.

1800 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. கேரி ஒருபுறம் மகன் பீலிக்ஸும் மறுபுறம் கிருஷ்ண பாலும் நடக்க ஆற்றங்கரைக்குப் போனார். கிருஷ்ண பால் தச்சர். தோள் மூட்டு விலகியதைத் தாமஸ் சரிசெய்ததால் அறிமுகமானவர். ஏழாண்டு உழைப்புக்குப் பிறகு கிடைத்த முதல் வங்காள விசுவாசி. ஹூக்ளியில் இறங்கி முதலில் மகனுக்கும் பிறகு கிருஷ்ண பாலுக்கும் கேரி ஞானஸ்நானம் கொடுத்தார். கரையில் டேனிய ஆளுநர் உட்படப் பலர் நின்றார்கள். அதே நேரத்தில் வளாகத்துக்குள் ஓர் அறையில் மனம் பேதலித்த நிலையில் ஜான் தாமஸ் அடைக்கப்பட்டிருந்தார். இன்னோர் அறையில் டாரத்தி. இருவரின் கூச்சலும் பாடல்களோடு கலந்தது. பீலிக்ஸ் என்ற மகனின் பக்கமாக நின்று அந்த நாளை நினைத்துப் பாருங்கள். தகப்பன் கையால் ஞானஸ்நானம். தாய் அதைப் பார்க்க முடியாமல் பூட்டிய கதவுக்குப் பின்னால். கேரியின் வாழ்வில் விசுவாசம், வீடு, வேலை மூன்றும் ஒரே இடத்தில் கூடிய நாள் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். சமநிலை என்று நாம் எளிதாகச் சொல்லும் எதுவும் அங்கே இல்லை.

1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அதே ஆண்டு கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் கற்பிக்கும் பணி மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் கேரிக்குக் கிடைத்தது. 1807இல் பேராசிரியரானபோது அது 1,000 ஆனது. பெரும் பகுதியைப் பொதுப் பணப்பெட்டியில் போட்டார். அதற்கு விலையாக வாரத்தின் நடுநாள்களைக் கல்கத்தாவில் கழித்தார். அங்கே இருந்த ஒரு நாளை 1806இல் நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். ஆறு மணிக்கு முன்னே எழுந்து எபிரேய வேதாகமம், வேலையாட்களோடு வங்காளத்தில் ஜெபம், முன்ஷி என்ற மொழி ஆசிரியரோடு பாரசீகம், காலை உணவுக்கு முன் இந்துஸ்தானி, பிறகு சமஸ்கிருத ராமாயண மொழிபெயர்ப்பு, பத்து மணிக்குக் கல்லூரி, பிற்பகலில் எரேமியா அச்சுப்படித் திருத்தம், பண்டிதரோடு சமஸ்கிருத மத்தேயு, தெலுங்குப் பண்டிதர், மாலையில் பிரசங்கம், இரவு பதினொரு மணி வரை எசேக்கியேல், படுக்கும் முன் கிரேக்கப் புதிய ஏற்பாடு. அசரவைக்கும் பட்டியல். ஊழியர் கூட்டங்களில் இதை வாசித்துக் காட்டி ஊக்கப்படுத்துகிறார்கள். அன்று பத்து வயதாகியிருந்த ஜோனத்தன் செராம்பூரில் இருந்தான். அவனோடு அன்று பேசியது யார், அவன் பாடத்தைக் கேட்டது யார், டாரத்திக்குச் சோறு கொடுத்தது யார் என்று அந்தக் கடிதம் வாசிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கேட்கத் தோன்றுகிறது. பதில், அந்த வளாகத்தில் இருந்த மற்றவர்கள். அவர்கள் இல்லாமல் அந்த நாள் இல்லை.

மகன்களுக்கு என்ன ஆயிற்று

நால்வரும் பிழைத்தார்கள், நால்வரும் ஏதோ ஒரு வகையில் தகப்பனின் பணியைத் தொட்டார்கள். வில்லியம் வங்காளத்தில் உள்ள காட்வாவில் நீண்டகாலம் மிஷனரியாக இருந்தார். யாபேஸ் வழக்கறிஞர் தொழிலுக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர், அதை விட்டு 1814இல் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அம்பாய்னா தீவுக்குப் போனார். பின்னர் ராஜபுதனத்தில் பள்ளிகள் நடத்தினார். ஜோனத்தன் கல்கத்தாவில் வழக்கறிஞரானார்.

பீலிக்ஸின் கதை நீளமானது. 1807 கடைசியில் பர்மாவுக்குப் போனார். மருத்துவம் கற்று ரங்கூனில் அம்மைப் பால் குத்தினார், பர்மிய இலக்கணம் எழுதினார். முதல் மனைவி இறந்தார். 1814இல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து இரண்டாம் மனைவியும் பிள்ளைகளும் மூழ்கினார்கள். அச்சு இயந்திரமும் போயிற்று. அதன் பிறகு பர்மிய அரசரின் தூதராகக் கல்கத்தா வந்தார். ஆடம்பரத்திலும் கடனிலும் சிக்கினார். மிஷனரியாக இருந்த பீலிக்ஸ் சுருங்கித் தூதராகிவிட்டான் என்ற பொருளில் கேரி எழுதிய வரி புகழ்பெற்றது. மேடைகளில் கைதட்டல் பெறும் வரி அது. அந்த மகன் மனைவி மக்களை ஆற்றில் பறிகொடுத்து அதிக நாள் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. பிறகு சில ஆண்டுகள் கிழக்கு எல்லைப் பகுதிகளில் அலைந்து திரிந்தார். 1818இல் அவரைக் கண்டு செராம்பூருக்கு அழைத்துவந்தவர் வார்டு. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அச்சுக்கூடத்துக்குக் கூட்டிப்போனவரே மறுபடியும் கூட்டிவந்தார். தகப்பனோடு சேர்ந்து மொழிபெயர்ப்புகளில் உழைத்து, வங்காளத்தில் உடற்கூறு நூலும் எழுதி, 1822 நவம்பரில் பீலிக்ஸ் இறந்தார். வயது 37. நான்கு மாதங்களில் வார்டும் காலராவில் போனார்.

கேரி மாறாமலே இருந்தாரா? இல்லை. 1808இல் அவர் மணந்த டேனியப் பெண்மணி ஷார்லட் ருமோர் நடக்க முடியாதவர், நன்கு கற்றவர். டாரத்தி இறந்து ஐந்து மாதமே ஆகியிருந்ததால் சகாக்கள் முதலில் கலங்கினார்கள். ஆனால் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை கேரி மிகுந்த மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார். மகன்கள் அவரிடம் தாயைக் கண்டார்கள். 1814 ஜனவரியில் அம்பாய்னாவுக்குப் புறப்பட்ட புது மணமகன் யாபேஸுக்குத் தகப்பன் எழுதிய கடிதத்தில், மனைவியிடம் முறையாக நடந்துகொள்வதோடு திருப்தியடையாதே, உன் நடத்தைக்கு அன்பே ஊற்றாக இருக்கட்டும், அவளை உயர்வாக மதி என்று இருக்கிறது. முத்னாபதியை வாழ்ந்து கடந்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும் என்று நான் நம்புகிறேன். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல் மகனுக்கு அந்த அறிவுரையைக் கொடுத்தார்.

நம் சபைகளில்

இந்த நிகழ்வுக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் தேசிய மிஷனரிச் சங்கம் தொடங்கப்பட்டது செராம்பூரிலேயே. இரண்டிலும் முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. அவர் 1909இல் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கலுக்குப் போனார். மனைவி அன்பு மரியம்மாள் கல்லூரிப் படிப்பு படித்தவர். தோர்ணக்கல் கிராமங்களில் பெண்கள் நடுவே தாமே முன்னின்று பணிசெய்தவர். கணவரின் பயணத்தில் மூட்டையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர் அல்லர். டாரத்திக்குக் கிடைக்காத இடம் அவருக்கு இருந்தது. அந்த வேறுபாடு இரு வீடுகளின் கதையிலும் தெரிகிறது.

இன்றும் தென்மாவட்டங்களிலிருந்து வட இந்தியாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களின் நிலையும் வேறு இல்லை. பகலில் அலுவலகம், மாலையில் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி, சனிக்கிழமை இரவு முழு இரவு ஜெபம், ஞாயிறு இரண்டு ஆராதனை என்று ஓடும் தகப்பன்மார் எத்தனையோ பேர். அவர்களிடம் சமநிலையைப் பற்றிப் பிரசங்கிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேரியிடம் நேரத்தைத் திட்டமிடும் திறன் குறைவாக இருந்ததா? அவரைவிட நாளைப் பயன்படுத்தியவரைக் காட்டுவது கடினம். ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்ற பவுலின் கேள்வி (1 தீமோத்தேயு 3:5) அந்தத் தகப்பனிடம் மட்டும் கேட்கப்பட்டதாக நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். தீமோத்தேயுவுக்கு அது எழுதப்பட்டது, சபையில் கண்காணிகளைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு அவருக்கு இருந்ததால். ஆகவே தெரிந்தெடுப்பவர்களும் அனுப்புகிறவர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

கெட்டரிங் சங்கத்தார் டாரத்தியை உட்காரவைத்துப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரசவம் முடிய ஓராண்டு காத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவர்களுக்கு அந்த எண்ணமே வரவில்லை, காலம் அப்படி. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒருவரை ஊழியத்துக்கோ பொறுப்புக்கோ அழைக்கும் கமிட்டி, கணவர் இல்லாத நேரத்தில் மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும்; முடியாது என்று அவர் சொன்னால் அது செவிகொடுக்கப்பட வேண்டும், அதற்காக அவர் விசுவாசம் அளக்கப்படக் கூடாது. வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேட்க வேண்டும். பணித்தளத்துக்கு அனுப்பும்போது ஒரு குடும்பத்தைத் தனியாக அனுப்பக் கூடாது. முத்னாபதிக்கும் செராம்பூருக்கும் உள்ள வித்தியாசம் பக்கத்து வீட்டில் ஹன்னா இருந்ததுதான். மனநோய் வந்தால் அதை ஆவிக்குரிய போராட்டம் என்று சொல்லி மாதக்கணக்கில் ஜெபக் கூடாரங்களுக்கு அலைக்கழிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும், ஜெபமும் கூடவே நடக்கட்டும். செலவைச் சபை ஏற்க வேண்டும். பிறகு, ஒவ்வொரு சபையிலும் வார்டுகள் வேண்டும். வாலிபர் கூட்டத்தில் பேசுவதற்கு அல்ல. எப்போதும் வெளியூரில் இருக்கும் ஒரு தகப்பனின் மகனை வாரத்தில் ஒரு மாலை தன் பட்டறைக்கோ கடைக்கோ அழைத்துப்போய், ஒரு வேலையைக் கையில் கொடுத்து, அவன் பேசுவதைக் கேட்பதற்கு. அந்தத் தகப்பனும் ஊருக்கு வரும் நாள்களில் அவனை யாரிடமும் விடாமல் தானே அழைத்துப்போக வேண்டும். அந்த நாள்களில் அவருக்குச் சபையில் எந்தக் கூட்டமும் வைக்காதபடி சேகரக் கமிட்டி பார்த்துக்கொள்ள வேண்டும்.